பன்றி பார்த்த நிலா

குளம் வற்றியதும் கருங்காட்டு விலங்குகள் எல்லாம் ஒரு பாட்டை நம்பி உட்கார்ந்தன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் வாய் வைக்கும் முன் மூன்று வரி பாட வேண்டும்.

“பாறைக்குக் கீழே நிலா தூங்குது,
நாவல் வேர் அதைத் தாங்குது,
மெல்ல... மெல்ல... எழுப்பிவிடு.”

பஞ்ச காலத்தில் இந்தப் பாட்டே வழிகாட்டும் என்று அந்தக் காலத்து விலங்குகள் சொல்லிவிட்டுப் போயிருந்தன. எப்படி என்றுதான் சொல்லவில்லை. எனவே பாட்டுக்குப் பொருள் காண ஒரு மன்றம் கூடியது. அதில் மயில், நரி, ஆந்தை என்று மூன்று பேர்.

“நாங்கள் தீர்ப்புச் சொல்லும்வரை வேறு யாரும் பொருள் சொல்லக் கூடாது. மீறினால் காட்டைவிட்டே துரத்துவோம்!” என்று முதல் நாளே சட்டம் போட்டார்கள். வேலை நடக்கிறதோ இல்லையோ, சட்டம் மட்டும் உடனே வந்துவிடும்!

ஒன்பது நாள் ஆயிற்று. குளத்துச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. தீர்ப்பு வரவில்லை.

பத்தாம் நாள் காலை, ஒரு காட்டுப்பன்றி தன் ஆறு குட்டிகளோடு மன்றத்துக்கு வந்தாள். கடைக்குட்டி நாக்கு வெளியே தொங்க, அவள் காலடியில் சுருண்டு விழுந்தது.

“ஐயா, பாட்டு என்னதான் சொல்லுது?” என்று கேட்டாள் பன்றி.

“பொருள் தேடுவதே தவறு!” என்றது மயில். “ஓசையைக் கேள். முதல் இரண்டு வரியும் துள்ளி ஓடுகின்றன. மூன்றாவது வரியில் நடை தளர்கிறது. அந்தத் தளர்வுதான் பாட்டு. மற்றதெல்லாம் குப்பை!”

“உளறாதே!” என்று சீறியது நரி. “இதைக் கட்டியவர் என் கொள்ளுத்தாத்தா. காய்ந்த ஓடையில் உட்கார்ந்து பாடினார். கொள்ளுப்பாட்டி கோபித்துக்கொண்டு போன சமயம் அது. அவள்தான் நிலா! தாத்தாவின் கதை தெரியாதவர்களுக்குப் பாட்டு புரியாது!”

ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. “இரண்டும் மேலோட்டம். நிலா என்றால் நிலா அல்ல. நிலா, அறிவு. பாறை, அறியாமை” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

பன்றி கொஞ்ச நேரம் யோசித்தாள். “நிலா நிலா இல்லைன்னு ஆந்தையார் சொல்றது சரியாத்தான் படுது. ஆனா எனக்கு அது அறிவாத் தெரியல. தண்ணியாத் தெரியுது!”

“தண்ணீரா?” நரி விழுந்து விழுந்து சிரித்தது.

“எங்க கழுத்து மேல திரும்பாதுங்க. வானத்து நிலாவை நான் பார்த்ததே இல்ல. நான் பார்த்த நிலா எல்லாம் குளத்துக்குள்ளதான் கிடந்துச்சு. கீழே நிலா தூங்குதுன்னா, அங்கே தண்ணி இருக்குன்னு அர்த்தம்!”

“சேற்றில் புரளும் பன்றி பாட்டுக்குப் பொருள் சொல்வதா!” என்று கத்தியது மயில். “சட்டம் தெரியுமா உனக்கு?”

“தெரியும். என் குட்டி சாகக் கிடக்கே, அது உங்களுக்குத் தெரியுதா? துரத்தணும்னா துரத்துங்க. நான் தோண்டத்தான் போறேன்!”

அவள் நேராகக் குன்றின் மேலிருந்த பெரிய பாறைக்கு ஓடினாள். உச்சிப்பொழுது வரை தோண்டினாள். மூக்கில் ரத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த நரி கைகொட்டிச் சிரித்தது. “பார்த்தாயா? பொழுது சாய்வதற்குள் காட்டைவிட்டுப் போய்விடு!”

பன்றிக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பாட்டை முதலிலிருந்து ஒருமுறை பாடிப் பார்த்தாள்.

“தப்பு என்னுதுதான். கோபத்துல முதல் வரியை மட்டும் புடிச்சிக்கிட்டு ஓடி வந்துட்டேன். இந்தப் பாறைகிட்ட நாவல் மரமே இல்லையே!”

“ஒப்புக்கொண்டாய் அல்லவா? கிளம்பு!”

“கிளம்புறேன். ஆனா ஓடைக்கு! உங்க தாத்தா அங்கே உட்கார்ந்துதானே பாடினார்?”

அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினாள்.

ஓடையில் ஒரு சாய்ந்த பாறை இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பட்டுப்போன நாவல் மரம். பன்றி அவசர அவசரமாகத் தோண்டினாள். மணல் சரிந்து குழியை மூடியது. மறுபடி தோண்டினாள், மறுபடி மூடியது. அப்போதுதான் மயில் சொன்ன தளர்வு அவள் நினைவுக்கு வந்தது. வேர் மணலைத் தாங்கும் பக்கமாகத் திரும்பினாள். கொஞ்சம் தோண்டினாள், நின்றாள். மெல்ல மெல்லத் தோண்டினாள்.

மணல் குளிர்ந்தது. பிறகு நனைந்தது. பிறகு தண்ணீர் ஊறியது! கடைக்குட்டி தள்ளாடி வந்து மூக்கை விட்டுக் குடித்தது.

செய்தி பரவி, காடே ஓடைக்கு வந்தது. பொழுது சாயும் நேரத்தில் மன்றத்தாரும் வந்தார்கள்.

“என் தாத்தாவின் ஓடை!” என்றது நரி. “நான் சொன்ன தளர்வு!” என்றது மயில். விழித்திருந்த ஆந்தை, “அனுமதி இல்லாமல் பொருள் சொன்னது குற்றம்!” என்றது.

பன்றி குழியின் வாயில் நின்றாள். “பொழுது சாய்ஞ்சிருச்சு. நான் போகல! நீங்க சொன்ன எல்லாத்தையும் நான் கேட்டேன். உபயோகமாத்தான் இருந்துச்சு. நான் சொன்ன ஒண்ணை நீங்க கேட்கல. நாளைக்கு ஒரு நத்தை வந்து இந்தப் பாட்டுக்கு வேற பொருள் சொன்னாலும் நான் கேட்பேன், தோண்டியும் பார்ப்பேன். உங்க சட்டத்தை மட்டும் கேட்க மாட்டேன்!”

சொல்லிவிட்டு வழிவிட்டாள். தாகத்தை எவ்வளவு நேரம்தான் மறைக்க முடியும்? மூவரும் கழுத்தைத் தாழ்த்திக் குனிந்தார்கள். குழிக்குள் நிலா கிடந்தது.

பன்றிதான் முதல் வரியை எடுத்துப் பாடினாள்.

ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் சொன்ன பொருளைப் பாட்டின் ஒவ்வொரு வரியோடும் ஒத்துப் பார்க்கும் நேர்மை, பண்டிதருக்கும் வேண்டும், பன்றிக்கும் வேண்டும்.