பின்பக்கக் கண்ணாடியில் ஒரு கை

கம்பத்தில் மரியபுஷ்பம் என்ற பெண்ணிடம் ஒரு பெரிய வண்டி இருந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலைப்பாதையில் தினமும் அவளே அதை ஓட்டினாள்.

அந்த வண்டிக்குள் ஓர் அரசாங்கம் நடந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே இருட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. மெக்கானிக்குகள் அதை பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்பார்கள். வண்டிக்குள் எல்லோரும் அதைப் பெட்டி என்றே அழைத்தார்கள். விளக்கு எரிவதும், ஹாரன் அலறுவதும், கதவு பூட்டுவதும், வைப்பர் ஆடுவதும் பெட்டியின் உத்தரவுப்படிதான். தானாக அசைய யாருக்கும் உரிமை கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி அதற்குப் பித்துப் பிடித்தது. இண்டிகேட்டர் போட்டால் ஹாரனை அலறச் சொன்னது. ஹாரன் அடித்தால் கதவுகளைப் பூட்டச் சொன்னது. துளி மழை இல்லாதபோதும் பின் வைப்பரை வறண்ட கண்ணாடியில் ஆடவைத்தது. உத்தரவு தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கீழ்ப்படிந்தார்கள். பித்துப் பிடித்தாலும் அதிகாரம் அதிகாரம்தான்.

மரியபுஷ்பம் வண்டியைச் சிக்கந்தரின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். சிக்கந்தர் பேட்டரி ஒயரைப் பிடுங்கிய நேரத்தில் பின் வைப்பர் வீணாக ஆடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனதும் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. பின்பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில், செங்குத்தாக, கூட்டத்தில் ஒருவர் தூக்கிய கையைப் போல.

பழைய பெட்டி குப்பைக் கூடைக்குப் போனது. அந்த இடத்தில் புதிய பெட்டி உட்கார்ந்தது. ஹெட்லைட்டுகள் ஒன்றையொன்று வாழ்த்திக்கொண்டன. "விடிந்துவிட்டது" என்றது ஹாரன். பெட்டி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் எந்த வண்டியில்தான் இல்லை?

புதிய பெட்டிக்கு எதுவும் தெரியாது. இது என்ன மாடல், இதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை லேப்டாப் வழியாக அதற்குச் சொல்லித்தர வேண்டும். சிக்கந்தர் ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, யாரிடமோ பம்பர் விலை பேசிக்கொண்டே, விரல் பழகிய இடத்தை அமுக்கினார். அது மலிவான மாடல். அவரிடம் வரும் வண்டிகளில் பாதி அதுதான். மலிவான மாடலில் பின் வைப்பர் கிடையாது.

புதிய பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆஜர் எடுத்தது. குரலில் அவ்வளவு மரியாதை.

"இடது ஹெட்லைட்?"

"இருக்கிறேன்."

"ஹாரன்?"

"இருக்கிறேன் ஐயா!"

கதவுகள், இண்டிகேட்டர்கள், முன் வைப்பர்கள் என்று கூப்பிட்டு முடித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றது.

"என்னைக் கூப்பிடவில்லையே" என்றது பின் வைப்பர்.

"உங்களைப் போல் ஒன்று என் பட்டியலில் இல்லை."

"நான் இங்கே நிற்கிறேன்."

"நிற்பது வேறு, பட்டியலில் இருப்பது வேறு. வருத்தப்படாதீர்கள். நான் பழைய பெட்டியைப் போல யாரையும் வதைப்பதில்லை."

"அது என்னை வதைத்தது, உண்மைதான். ஆனால் நான் இருக்கிறேன் என்று தெரிந்து வதைத்தது. நீ வதைக்காமலே ஆளை இல்லாமல் ஆக்குகிறாய்."

"அப்படியென்றால் பழையதே தேவலையா?"

"யார் சொன்னது? அதுவும் வேண்டாம், நீயும் வேண்டாம். எனக்கு வேண்டியது என் வேலை."

முன் வைப்பர்கள் இரண்டும் கிசுகிசுத்தன. "தம்பி, பெரிய இடத்தில் வாய் கொடுக்காதே. நேரம் பார்த்து உனக்காக நாங்கள் பேசுகிறோம்."

"எப்போது நேரம் வரும்?"

"இப்போது மழை, எங்களுக்கு வேலை அதிகம். வெயில் காலம் வரட்டும்."

ஹாரன் நெஞ்சை நிமிர்த்தியது. "என் முழு ஆதரவு உனக்குத்தான்!"

"சரி, அலறு."

"யாராவது அமுக்கினால் கட்டாயம் அலறுவேன்."

டிரைவர் தலைக்கு மேலே தொங்கிய மிரர் மட்டும் வாய்ச்சவடால் அடிக்கவில்லை. "எனக்கு ஒயரே கிடையாது. அந்தப் பெட்டிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பின்னால் இருப்பதை முன்னால் காட்டுவேன். அதற்கு மேல் என்னால் ஆகாது."

"அது போதும்" என்றது பின் வைப்பர்.

மறுநாள் கம்பம்மெட்டில் நல்ல மழை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நின்றது. வழிவிட வேண்டுமானால் மரியபுஷ்பம் பின்னால் போக வேண்டும். மிரரைப் பார்த்தாள். பின்பக்கக் கண்ணாடி முழுக்கச் சேறு. சேற்றுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் ஒரு கை. பின் வைப்பரின் சுவிட்சைத் திருகினாள். மறுபடியும் திருகினாள்.

பெட்டி டாஷ்போர்டில் பச்சை விளக்கைக் காட்டியது: கோளாறு எதுவும் இல்லை. இல்லாத ஒன்றுக்குக் கோளாறு எப்படி வரும்?

"ஏ மரியா, பின்னாடி பள்ளமா மேடான்னு தெரியுதாடி?" என்றாள் பின் சீட்டிலிருந்த பவுன்தாய்.

"சேறுதான்க்கா தெரியுது."

"வெளங்கிரும். இரு, நான் எறங்கிக்கிறேன்." பவுன்தாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி, வண்டியின் முதுகைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். "வா... வா... இன்னும் வா... நில்லுடி! பாவி மகளே, நில்லு!"

வண்டி நின்றது. பின் டயருக்குப் பக்கத்தில் மண் உதிர்ந்து பள்ளத்துக்குள் விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பெண்களும் முன்னால் இருந்த சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே வண்டி ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியது.

சிக்கந்தர் லேப்டாப்பைப் பார்த்தார். "பொட்டி நல்லாத்தான் இருக்குக்கா. பின் வைப்பர்னு ஒண்ணு இந்த வண்டிக்கே கிடையாதுங்குது."

"அப்ப அங்க நிக்கிறது என்ன பாய், கொடிக்கம்பமா?"

"ஒண்ணு பண்ணுவோம். அதைக் கழட்டிட்டு ஓட்டையில ரப்பர் மூடி சொருகிருவோம். அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியாது." அவர் ஸ்பானர் எடுக்க உள்ளே போனார்.

பெட்டி அவசரமாகப் பேசியது. "கேட்டீர்களா? உங்களைப் பிடுங்கப் போகிறார்கள். நீங்கள் நடுவில் நிற்பதால்தான் இவ்வளவு வம்பு. உங்களைப் பார்க்கிறவர்கள் என்னைத் திறந்து பார்க்கிறார்கள். அடங்கிக் கீழே படுத்துவிடுங்கள். படுத்துக் கிடப்பவரை யாரும் பிடுங்க மாட்டார்கள்."

"படுக்கிறேன். உத்தரவு போடு."

பெட்டி உத்தரவு எழுதியது. யாருக்கு அனுப்புவது? பட்டியலைப் புரட்டியது. முகவரி இல்லை.

"நீங்களாகவே படுத்துவிடலாமே" என்றது, கொஞ்சம் குரல் தாழ்த்தி.

"தானாக அசையக்கூடாது என்பது யார் சட்டம்?"

பெட்டி மறுபடியும் பட்டியலைப் புரட்டியது.

"நான் இல்லை என்று நீதானே சொன்னாய்? இல்லாதவனுக்கு எப்படி ஆணையிடுவாய்? என்னைப் படுக்க வைக்க வேண்டுமானாலும் முதலில் நீ என் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதுவரை நிற்பேன்."

முன் வைப்பர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. ஹாரன், யாரும் அமுக்காததால், வாயைத் திறக்கவில்லை.

சிக்கந்தர் வந்து முதலில் கையாலேயே அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே பல்சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தது. "என்னா முரண்டு பிடிக்குது பாருங்க" என்று ஸ்பானரை நட்டில் வைத்தார்.

"கையை எடுங்க பாய்."

"ஒரு நிமிஷ வேலைக்கா."

"எடுங்கன்னேன்ல. காலையில மெட்டுல எட்டுப் பொம்பளைங்களோட பள்ளத்துக்குப் போயிருப்பேன். அடுத்த தடவை பின்னாடி பள்ளம்னு உங்க ரப்பர் மூடி எறங்கி நின்னு சொல்லுமா?"

"லேப்டாப்ல இல்லைன்னு வருதே..."

"நேத்துலேருந்து மிரரைப் பார்த்தா இதுதான் கண்ணு முன்னாடி நிக்குது. படுத்துக் கெடந்திருந்தா சேத்தோட சேறா நானும் மறந்து தொலைஞ்சிருப்பேன். வண்டியைப் பார்த்து லேப்டாப்பைத் திருத்துங்க. லேப்டாப்பைப் பார்த்து வண்டியை அறுக்காதீங்க."

சிக்கந்தர் மாடல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடச்சே. விலை கம்மியான பேஸ் மாடலை அமுக்கிட்டேன்க்கா." சரியான இடத்தை அமுக்கினார்.

பெட்டிக்கு வேறு வழியில்லை. இந்த முறை செருமல் இல்லை.

"பின் வைப்பர்?"

"இருக்கிறேன்."

"படு" என்றது பெட்டி. மரியாதை போயிருந்தது.

"கண்ணாடியில் சேறு இருக்கிறது. வேலை முடியட்டும்."

மரியபுஷ்பம் சுவிட்சைத் திருகினாள். பெட்டி உத்தரவு போட்டே தீர வேண்டியிருந்தது. வைப்பர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் காய்ந்த சேற்றை வழித்துத் தள்ளியது. மிரரில் தெரு தெரிந்தது. டீக்கடை தெரிந்தது. பின்னால் வந்த சைக்கிள் தெரிந்தது.

பிறகு வைப்பர் கீழே இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை. படுக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுகொண்டது.

பெட்டி மறுபடி உத்தரவிட்டது. வைப்பர் அங்கேயே இருந்தது.

சிக்கந்தர் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்குதுக்கா. தட்டி எறக்கிவிடவா?"

மரியபுஷ்பம் வண்டியைக் கிளப்பினாள்.

"நிக்கட்டும்."