கோட்டின் மேல் விழுந்த பந்து

யுகேந்திரனைச் சீடன் என்று யாராவது சொன்னால் அவனே சிரித்துவிடுவான். பொள்ளாச்சியில் ஒரு கிளப். அங்கே பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் வசுந்தரா மேடத்துக்கு அவன் உதவியாள், அவ்வளவுதான். காலையில் செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிப்பான், வலை கட்டுவான், சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து தூக்கிப் போடுவான். ஆனால் பத்து வயதில் அவர் கையால் முதல் ராக்கெட்டை வாங்கியவன், மீசை அடர்ந்த பிறகும் அவர் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை மறுத்துப் பேசியது கிடையாது. இதற்கு வேறு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மேடத்துக்குப் பேச்சு பிடிக்காது. புதிதாகச் சேரும் பிள்ளை முதல் நாள் அவர் வாயிலிருந்து கேட்பது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"கோர்ட்டுக்குள்ள வந்தா கம்முனு இருக்கோணும்."

ஜெயித்தாலும் கம்முனு, தோற்றாலும் கம்முனு. பொள்ளாச்சிப் பிள்ளைகளைப் போல அடக்கமான பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை என்று வெளியூர்ப் பயிற்சியாளர்கள் சொல்லும்போது யுகேந்திரனுக்குத் தலைகால் புரியாது. தன் கைக்கு வந்த பிள்ளைகளுக்கும் அவன் அதே வாக்கியத்தை அதே குரலில்தான் சொன்னான்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி பூவிழி. பதின்மூன்று வயது, இடது கை ஆட்டம். அப்பா தேங்காய் லாரி ஓட்டுகிறார். கிளப் வாசலில் லாரியை நிறுத்தி டீ குடிக்கப் போனவர், கம்பி வேலியில் ஒட்டிக்கொண்டு நின்ற மகளைப் பிய்த்தெடுக்க முடியாமல் உள்ளே கொண்டுவந்து விட்டார். அவளிடம் ராக்கெட் இல்லை. கிளப் செயலாளரின் மகள் ரக்ஷனா, தான் புதிது வாங்கியதும் பழையதைக் கொடுத்தாள். பூவிழி அதன் பிடியில் பச்சைத் துணி நாடா சுற்றிக்கொண்டு ஆடினாள். யுகேந்திரன் தானாகப் பார்த்து வளர்த்த முதல் பிள்ளை அவள்தான். அவள் ஆட்டத்தைப் பார்க்கும்போது அவனுக்குப் பெருமையாகவும் இருக்கும், யாராவது கண் வைத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கும்.

மாவட்டத் தேர்வு வந்தது. ஜெயிக்கிற பிள்ளை சென்னைக்குப் போகும். கடைசி ஆட்டத்தில் பூவிழியும் ரக்ஷனாவும் எதிரெதிரே நின்றார்கள்.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நடுவர் நாற்காலி கிடையாது. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்தப் பிள்ளையே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எதிரில் ஆடுகிற பிள்ளை, "தடம் காட்டு" என்று கேட்கலாம், மேசையில் இருக்கும் நடுவரைக் கூப்பிடலாம். செம்மண் பொய் சொல்லாது, பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும். ஆனால் கேட்க வேண்டியது ஆடுகிற பிள்ளைதான். வேலிக்கு வெளியே நிற்கிறவர்கள் வாயைத் திறக்கவே கூடாது.

பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் பூவிழிக்கு வெற்றி என்ற நிலையில், அவள் இடது கையால் வீசிய பந்து மூலைக்குப் போய் வெள்ளைக் கோட்டின் மேலேயே விழுந்தது. யுகேந்திரன் அந்த மூலைக்கு நேராக வேலியோரம் நின்றிருந்தான். சுண்ணாம்பு தெறித்ததைக் கண்ணால் பார்த்தான்.

ரக்ஷனா ஒரு நொடி தன் அப்பா நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு விரலை உயர்த்தினாள்.

"அவுட்."

பூவிழி யுகேந்திரனைப் பார்த்தாள். அவன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டான், விதி அப்படி. அவள் தன் கையிலிருந்த ராக்கெட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி அடுத்த பந்துக்கு நின்றாள். அதற்குப் பிறகு அவள் அடித்தது எதுவும் ஆட்டமே இல்லை, தோற்றாள்.

ஆட்டம் முடிந்ததும் கோர்ட்டில் சாக்கு இழுப்பது வழக்கம். மூங்கிலில் கட்டிய ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு போனால் தடமெல்லாம் அழிந்து, மண் அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிவிடும். யுகேந்திரன் சாக்கை எடுத்தான். மூலைக்கு வந்தபோது அந்தத் தடம் கோட்டின் மேல் அப்படியே கிடந்தது. அதன் மேலும் சாக்கை இழுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பூவிழி வரவில்லை. சாயங்காலம் லாரி வந்து நின்றது. அவள் அப்பா மட்டும் இறங்கி வந்தார்.

"இதைச் செயலாளருங்க வூட்டுல குடுத்துருங்க தம்பி. புள்ள இனி வரலீங்குது."

"ஏனுங்க? என்ன சொல்லுச்சு?"

"எதாச்சும் சொன்னாத்தானுங்களே. வாயே தொறக்க மாட்டேங்குது."

பச்சை நாடா சுற்றிய ராக்கெட்டை அவன் கையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அந்த நாடாவில் இன்னும் ஈரம் இருந்தது.

சாரலால் அன்று சாயங்கால வகுப்பு இல்லை. மேடம் மட்டும் கொட்டகையில் பழைய பந்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவன் போய் நின்றான்.

"மேடம், பூவிழி இனி வரமாட்டாளாங்க."

"ம்."

"அந்தப் பந்து உள்ள விழுந்துச்சுங்க. நான் பாத்தனுங்க."

"தடம்?"

அவன் தலையைக் குனிந்தான். "சாக்கு இழுத்துட்டனுங்க."

பந்துகள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க மேடம். ரக்ஷனா செஞ்சதுகூடப் புரியுதுங்க, அப்பனுக்குப் பயந்துட்டா. பூவிழி ஏன் கேக்கல? தடம் கண்ணு முன்னாடி கிடந்துச்சு. கைய நீட்டி ஒரு வார்த்த கேட்டிருந்தாப் போதும். அவ்வளவு ஆடத் தெரிஞ்ச புள்ளைக்கு வாய் எங்கீங்க போச்சு?"

கடைசியில் அவன் குரல் கோபத்தில் உயர்ந்துவிட்டது. அவனுக்கே திக்கென்றது.

மேடம் எழுந்து தன் ராக்கெட்டை எடுத்தார். "வா, ஆடலாம்."

"சாரலுங்களே..."

"பரவால்ல. அந்தப் புள்ள ராக்கெட்லயே ஆடு."

பிடி அவன் கைக்குச் சின்னதாக இருந்தது. இரண்டு பக்கமும் நாலைந்து பந்து போய்வந்தன. அவன் அடித்த ஒரு பந்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

"அவுட்," என்றார் மேடம்.

சாரலில் சரியாகத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டான். அடுத்தது இன்னும் உள்ளே விழுந்தது. அதற்கும் அவுட். மேடம் வேறெங்கோ கிடந்த ஒரு பழைய தடத்தை ராக்கெட்டால் காட்டினார். அவன் தலையாட்டினான். கண்ணாடி மாற்ற வேண்டிய வயது, பாவம் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் தன் கண்ணில்தான் கோளாறோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அடுத்து அவன் எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாக, வலையைத் தாண்டி நடுக் கோர்ட்டிலேயே ஒரு பந்தைப் போட்டான். குருடனுக்கும் தெரியும் அது உள்ளே என்று.

"அவுட்."

யுகேந்திரன் குனிந்து அடுத்த பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

"நில்லு." மேடம் வலைக்கு வந்தார். "எங்க விழுந்துச்சு?"

"அவுட்டுன்னு சொன்னீங்க."

"நான் சொன்னதக் கேக்கல. எங்க விழுந்துச்சு?"

அவன் கையிலிருந்த பந்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

"தடம் பாக்க வந்தியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"உங்ககிட்டப் போயி எப்படீங்க மேடம்..."

"உன்ற கையில இருக்கற ராக்கெட்டப் பூவிழிக்குக் குடுத்தது யாரு?"

"ரக்ஷனாங்க."

"உனக்கு மொத ராக்கெட் குடுத்தது?"

சாரல் முகத்தில் அடித்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. நேற்று அந்தப் பிள்ளை திரும்பித் தன்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது.

"வேலிக்கு வெளிய நின்னு நான் பேசக் கூடாதுங்க மேடம். அதான் ரூலு."

"சரிதான். உள்ள நிக்கறவ பேசலாம்னு என்னிக்காச்சும் சொல்லிக் குடுத்தியா?"

"இல்லீங்க."

"என்ன சொல்லிக் குடுத்தே?"

"கம்முனு இருக்கோணும்னு."

"அது யாரு சொன்ன சொல்லு?"

அவன் மேடத்தையே பார்த்தான். மேடம் வலையின் மேல்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று யுகேந்திரன் பார்த்ததில்லை. அடக்கமான பிள்ளைகள் என்று ஊரெல்லாம் பாராட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக அவர் கண் முன்னால் வந்துபோவதுபோல் இருந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

"நாளைக்குப் பூவிழி வூட்டுக்குப் போயிக் கூட்டிட்டு வரட்டுங்களா?" என்றான்.

"என்ன சொல்லிக் கூப்புடுவே?"

இருட்டத் தொடங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், ஆட்டம் முடிந்ததும் செய்கிற பழக்கத்தில், போய் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அதக் கீழ போடு."

போட்டான்.

மேடம் நடுக் கோர்ட்டுக்குப் போய், அவனுடைய கடைசிப் பந்தின் தடத்துக்குப் பக்கத்தில் நின்றார். சாரல் அதை இன்னும் கரைக்கவில்லை. வட்டமாக, அருகில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லாமல் கிடந்தது.

"வந்து பாரு."

வந்து பார்த்தான்.

"உள்ளயா, வெளியயா?"

அவன் தடத்தைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், மறுபடி தடத்தைப் பார்த்தான். பச்சை நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"உள்ளீங்க மேடம்," என்றான்.

மேடம் காதருகே கையைக் குவித்தார்.

"பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல, யுகேந்திரா. அந்தப் புள்ள வூடு இங்கிருந்து ரொம்பத் தூரம்."