கத்தி தொடாத அருவி

ஜப்பான் தேசத்து மலையூர் ஒன்றில் ரின்சோ என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். துடுப்புப் பிடித்த கைக்குத் தூரிகையும் வசப்பட்டிருந்தது. ஒருநாள் பனிமூட்டத்துக்குள் தனியாகப் போய், அங்கே விழுந்த அருவியை மெல்லிய தாளில் வரைந்து வந்தான். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

சாகும்போது மனைவி நுயியிடம் இரண்டு வரம் கேட்டான். "இந்தப் படத்துல என் கோடு மயிரிழை மாறாம அச்சாகி வீடு வீடாப் போகணும். ஆனா அது உன்னை விட்டுப் போகவும் கூடாது." அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள். படம் அச்சாகும் விதம் இருவருக்குமே தெரியாது, பாவம்.

மரத்தில் படம் செதுக்கி அச்சுப் போடும் ஜின்பெய் விவரம் சொன்னபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாளைப் பலகையில் குப்புற ஒட்ட வேண்டும். கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள மரத்தைத் தாளோடு சேர்த்துச் செதுக்கி எடுக்க வேண்டும். மேடாக நிற்கும் கோட்டில் மை தடவினால் அச்சு விழும். தாள் மிஞ்சாது. நகலெடுத்து ஒட்டலாமே என்றாள். நகலெடுத்தால் கோடு வேறொருவர் கையாகிவிடும் என்றார் அவர்.

தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னான் ரின்சோவின் அண்ணன் கியுயெமோன். தம்பியின் கை பட்டது இனி அது ஒன்றுதானே என்பது அவன் கவலை. நுயி மூன்று நாள் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்கப் பனி அறைக்குள் இறங்கியது. முகத்தில் சாரல் பட்டது. கோடே இல்லாத வெள்ளையில்தான் அருவி ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் எழுந்துபோய், "செதுக்குங்க ஐயா" என்றாள். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அச்சான இருநூறு படங்கள் மலைக்கு வந்த யாத்திரிகர்களோடு வீடு வீடாகப் போயின. வேலை முடிந்த பலகையை இழைத்து வேறு படம் செதுக்குவது ஜின்பெய்யின் வழக்கம். இந்தப் பலகையை மட்டும் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி நுயியிடம் கொடுத்தார்.

"என் தம்பி கையைச் சிராயாக்கிட்டு, கட்டையைக் கட்டிக்கிட்டு அழறியா?" என்று சீறினான் அண்ணன்.

இவ்வளவு நேரம் கேட்டீர்களே, இப்போது சொல்லுங்கள்: தாளைக் காக்கச் சொன்ன அண்ணன் சரியா, தாளை அழியக் கொடுத்த நுயி சரியா?

விடை: நுயிதான். கத்தி எடுத்துப் போட்டதெல்லாம் ரின்சோவின் தூரிகை தொடாத இடம். அவன் தொட்ட இடத்தைக் கத்தி தொடவே இல்லை. கோடு பலகையில் அப்படியே நின்றது. அதுதான் வீடு வீடாகவும் போனது, அவள் மடியிலும் இருந்தது. தாளைக் குப்புற ஒட்டியதால் பலகையில் அருவி இடவலம் மாறி இருப்பதைப் பார்த்து, இது என்ன கோலம் என்றான் அண்ணன். நுயி விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவர் இப்ப அருவிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குறார்."