கையெழுத்துப் போட ஓர் அப்பா

அருள்தாஸுக்கு மாணவர்கள் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இயற்பியல் துறையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது; முதலாண்டுக்கு அவர்தான் வகுப்பு ஆசிரியர். அதற்குள் முதலாண்டுப் பிள்ளைகள் சொல்லும் எல்லாப் பொய்யும் தனக்கு அத்துப்படி என்று நினைத்தார். வயிற்று வலி என்றால் சினிமா. காய்ச்சல் என்றால் கிரிக்கெட். பஸ் லேட் என்றால் கடைந்தெடுத்த பொய். காலையில் ஒன்பது மணி அடித்ததும் வகுப்பறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்.

துறைத் தலைவர் திலகவதி அம்மாள் அவருக்குப் பாடம் நடத்தியவர். இன்றும் அவர் முன்னால் அருள்தாஸ் உட்கார மாட்டார். ஜூலையில் அறுபது பேர் சேர்ந்த வகுப்பில் அக்டோபருக்குள் பதினோரு பேர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பற்றியும் நின்றுகொண்டேதான் கேட்டார்.

"ஏன் மேடம், முதல் வருஷப் பிள்ளைங்க நிக்கவே மாட்டேங்குறாங்க?"

"நீ என்ன நினைக்கிற?"

"படிக்க மனசில்ல. நம்மள ஏமாத்துறாங்க."

"சரி, பார்ப்போம்," என்றார் அம்மாள். அதோடு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நவம்பரில் ஒரு பிற்பகல், அருள்தாஸ் அம்மாளின் அறைக்குள் பாதி ஓட்டமாக நுழைந்தார். முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை. பின்னால் வடமலை என்ற முதலாண்டுப் பையன். அவனுக்குப் பின்னால் நரைத்த மீசையும் மடிப்புக் கலையாத புது வேட்டியுமாக ஒரு மனிதர்.

"கையும் களவுமா பிடிச்சிட்டேன் மேடம்."

அவர் மேஜையில் வைத்தது வருகைக் குறைவுக்கான விண்ணப்பம். அன்று ஐந்து மணிக்குள் அது அலுவலகத்துக்குப் போகாவிட்டால் வடமலை பருவத் தேர்வு எழுத முடியாது. அப்பாவை நேரில் கூட்டிவந்து கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அருள்தாஸ் போட்ட சட்டம்.

"இந்த ஆளு இவன் அப்பா இல்ல. நான் நாற்காலியைக் காட்டினேன். இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'உக்காருங்க அண்ணாச்சி'ங்கிறான்! பெத்த அப்பாவ எவன் மேடம் அண்ணாச்சிம்பான்?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அந்த மனிதரைப் பார்த்தார்.

"நீங்க யாரு ஐயா?"

"காளியப்பன்மா. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். தப்புதான். பய கெஞ்சினான், மனசு கேக்கல."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு அப்பாவா வந்திருக்கீங்க?" என்று அருள்தாஸ் குறுக்கே புகுந்தார்.

"இவனுக்கு மட்டுந்தான் சார். என் சொந்தப் பிள்ளைக்கே நான் பள்ளிக்கூடம் போனதில்ல."

அம்மாள் பையனிடம் திரும்பினார். "உங்க அப்பா எங்கப்பா?"

"புனலூர்ல, செங்கல் சூளையில மேடம். பொங்கலுக்குத்தான் வருவாரு. அம்மா இல்ல. சித்தி வரேன்னாங்க, சார் ஆகாதுன்னுட்டாரு."

"இதைச் சார்கிட்ட சொன்னியா?"

"மூணு தடவ சொன்னேன். நெசத்தச் சொன்னா நம்பல. அதான் ஓர் அப்பாவக் கூட்டிட்டு வந்தேன்." அவன் மேஜையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தான். "இன்னைக்கு ஆகலேன்னா நானும் சனிக்கிழமை சூளைக்கே போயிடுறேன் மேடம்."

"காலையில ஏன் வகுப்புக்கு வரல?"

வடமலை அருள்தாஸைப் பார்த்தான். காளியப்பன்தான் பேசினார்.

"எப்படிம்மா வருவான்? இவன் ஊரு வண்டி எட்டே முக்காலுக்கு வரணும். பாலம் வேலை ஆரம்பிச்ச பொறவு ஒம்பதே காலுக்கு முன்னால ஒருநாளும் வந்ததில்ல. தினமும் நோட்டுல எழுதுறவன் நான். எறங்கினதும் ஓடுவான். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து என் கூண்டுப் பக்கத்துல உக்காந்துக்கிடுவான். 'பூட்டிட்டாங்க அண்ணாச்சி'ம்பான்."

"ரெண்டாவது பீரியடுக்கு உள்ள போகலாமே?"

"அதுக்குச் சீட்டு வேணும் மேடம்," என்றான் வடமலை. "அப்பா வந்தாத்தான் சீட்டு."

"எல்லாம் கதை!" என்றார் அருள்தாஸ். "சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கான். யாரோ ஒருத்தருக்கு இவன் மேல என்ன இவ்வளவு அக்கறை? உங்களுக்குச் சந்தேகம் வரலியா?"

"வருது. அதான் கேக்குறேன்." அம்மாள் காளியப்பனைப் பார்த்தார். "இவனுக்கு என்ன பிடிக்கும்?"

"பிடிக்குமா? அது என்னமோ மூணு பட்டைக் கண்ணாடியாம். காலேஜ் தொறந்த அன்னைக்கு இந்தச் சாரு அத வெயில்ல பிடிச்சு, செவுத்துல ஏழு கலர் காட்டினாராம். ஒரு வாரம் அதே பேச்சு. சார் மாதிரி ஆகணும்னான். நாங்கூட, யாருடா அந்த வாத்தியாருன்னு கேட்டேன்."

அருள்தாஸுக்கு அந்தக் கண்ணாடி நினைவிருந்தது. சுவரில் விழுந்த நிறங்களும் நினைவிருந்தன. இந்த முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அது அவருக்கு என்னவோ போலிருந்தது.

"நீ சொல்லு அருள். இவன் எந்த ஊரு?"

அருள்தாஸ் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். அதில் ஊர் இல்லை.

"முப்பத்தெட்டாம் நம்பர் மேடம்," என்றார்.

மணி நாலே முக்கால். அம்மாள் விண்ணப்பத்தை எடுத்துக் காளியப்பன் பக்கம் நகர்த்தினார். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற வரியில் விரலை வைத்தார்.

"உங்க பேரையே போடுங்க ஐயா."

காளியப்பன் தயங்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, பஸ் நேரம் குறிக்கிற அதே கவனத்தோடு மெதுவாக எழுதினார்.

"மேடம்! இவரு அப்பா இல்லன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"கேட்டேன்பா."

அம்மாளின் விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

"இங்க 'வகுப்பு ஆசிரியர்'னு இன்னொரு இடம் இருக்கு. அதையும் இவரையே போடச் சொல்லவா?"