காய்ந்த நொச்சித் தழை

ஓடைக்கரைக் காட்டில் முயல்கள் கூட்டமாக வளை தோண்டிக் குடியிருந்தன. பக்கத்திலேயே ஒரு நாகமும் இருந்தது. அது லேசுப்பட்டதா என்ன! முயல் வளை போலவே வாசல் வைத்துக்கொண்டு, முயல் குரலில் கூப்பிட்டபடி உள்ளே காத்திருக்கும். ஏமாந்து நுழைந்தவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

அதனால் முயல்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. மரங்கொத்தி தன் அலகால் குறி போட்டுத் தரும் பச்சை நொச்சித் தழையை, இது முயல் வளைதான் என்பதற்கு அடையாளமாக அவை வாசலில் செருகிவைக்கும். அந்தக் குறியை வேறு யாராலும் போட முடியாது. ஆனால் தழை காய்ந்துவிட்டால் குறி செல்லாது. நாகம் பழைய தழையைப் பொறுக்கி வந்து செருகிவிடுமே! காய்ந்த தழை இருக்கும் வாசலில் தலையை நீட்டாதே என்பதுதான் குட்டிகளுக்கு முதல் பாடம்.

மழை பெய்தால் வாசல்கள் கரைந்துபோகும். திரும்பக் கட்டித் தருவது கரையான்கள். புற்றடியில் எல்லா வளைக்கும் பொதுவாக ஒரு தழைக்கட்டு இருக்கும். கரையான்கள் பழைய வாசலை வழித்தெறிந்து, புதிதாகக் கட்டி, அந்தக் கட்டிலிருந்து ஒரு தழையைச் செருகும். பச்சையா சருகா என்று பார்ப்பது அவற்றின் வேலையில்லை.

அந்தக் கோடையில் கட்டு காயத் தொடங்கியது. எல்லா முயல்களும் பார்த்தன. யாராவது மாற்றிவிடுவார்கள் என்று எல்லாமே மேயப் போய்விட்டன.

வெள்ளச்சி என்ற தாய் முயல் மட்டும் மரங்கொத்தியிடம் போய், தன் வாசலுக்கு ஒரு பச்சைத் தழை வாங்கினாள். பொதுக் கட்டையும் மாற்றிவிட்டுப் போயேன் அக்கா என்று மரங்கொத்தி கேட்டுக்கொண்டது.

“அதுக்கு நான்தானா கிடைத்தேன்? என் வாசல் பச்சையா இருக்கு, போதும்” என்றாள் வெள்ளச்சி.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. கரையான்கள் வந்தன. வெள்ளச்சி ஆசையாகச் செருகிய தழையையும் மண்ணோடு வழித்தெறிந்தன. புது வாசல் கட்டி, கட்டிலிருந்த சருகைச் செருகிவிட்டுப் போயின. உள்ளே இருந்த வெள்ளச்சி வெளியே வந்து பார்க்கவில்லை. நேற்றுதானே செருகினோம் என்ற தைரியம்!

அவள் குட்டி மிளகு மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது தலைக்கு மேலே பருந்து வட்டமிட்டது. மிளகு விழுந்தடித்து ஓடி வந்தாள். தன் வாசலில் சருகு. பக்கத்து வாசலுக்கு ஓடினாள். அங்கேயும் சருகு. மறுபடி தன் வாசலுக்கே வந்து நுழையாமல் நின்றாள்.

“உள்ளே வாடி கண்ணு, இது நம்ம வீடுதான்!” என்று வெள்ளச்சி கத்தினாள்.

“நாகமும் இப்படித்தானே கூப்பிடும்?” என்றாள் மிளகு.

வெள்ளச்சி பதறி வெளியே வருவதற்குள் பருந்து இறங்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாவம், அந்தக் குட்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. சொல்லிக் கொடுத்தபடிதான் நின்றது.

என் பச்சைத் தழையை ஏன் எடுத்தீர்கள் என்று வெள்ளச்சி கரையான்களிடம் கதறினாள். கட்டில் இருந்ததைத்தான் செருகினோம் தாயே என்றன அவை. அன்று சாயங்காலமே முயல்கள் எல்லாம் ஓடிப்போய்ப் புதுக் கட்டு வாங்கி வந்தன. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். வெள்ளச்சி வாசலில் இப்போது பச்சைத் தழை இருக்கிறது. அதைப் பார்த்து உள்ளே வரத்தான் மிளகு இல்லை.

பொதுவில் பழுதானதைப் பொதுவிலேயே சரிசெய்யாமல் தன் வாசலை மட்டும் காத்துக்கொள்பவருக்குத் தன் வாசலும் நிலைக்காது.