நிலாவின் பேரனும் சாம்பல் குதிரையும்

“என் தாத்தா ஆட்டுத்தோல் உரித்தவர் என்று ஊர் பூராவும் சொல்லித் திரிகிறாயாமே!”

எர்மெக் கான் இதையே மூன்றாவது தடவையாகக் கத்தினான். கூடாரமே அதிர்ந்தது. ஜானார் மட்டும் அசையவில்லை.

“உரித்தார்தானே? பொய்யா சொன்னேன்?”

கஸாக் புல்வெளியின் அந்த அரசவையில் வம்சாவளி சொல்வது ஜானாரின் வேலை. பன்னிரண்டு குலத்துக்கும் ஏழேழு தலைமுறை அவள் நாக்கில் இருந்தது. அதுமட்டுமா, அவள் கானின் பெரியப்பா மகள். தோல் உரித்த பைசால் அவளுக்கும் தாத்தாதான். ஆற்றங்கரை நாணல்காட்டில் கானும் கானின் பங்காளிகளும் மட்டுமே மேய்க்கலாம். அந்த உரிமையில்தான் அவளுடைய முந்நூறு ஆடுகள் ஒவ்வொரு குளிர்காலத்தையும் உயிரோடு தாண்டின.

அந்த நாணல்காட்டின் மேல் மந்திரி மிர்சாபெக்குக்கு ஒரு கண். அதற்காகவே மூன்று மாதம் மெனக்கெட்டுக் கானுக்குப் புது வம்சாவளி எழுதியிருந்தான். அதில் பைசால் இல்லை. கூடாரத்தின் புகைத்துளை வழியாக நிலா வெளிச்சம் இறங்கியதாம்; அந்த வெளிச்சத்துக்குத்தான் கானின் அப்பா பிறந்தாராம்!

“நிலாவுக்குக் காது இப்படி விடைத்துக்கொண்டா இருக்கும்?” என்றாள் ஜானார். “அது அப்படியே பைசால் தாத்தாவின் காது.”

கான் அவசரமாகக் குல்லாயை இழுத்துக் காதை மூடினான்.

“நாளை மத்தியானம் பன்னிரண்டு குலமும் கூடுகிறது,” என்றான் மிர்சாபெக், தேன் ஒழுக. “நீங்கள்தான் இதைச் சொல்ல வேண்டும். ஒரு சொல் விட்டாலும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு உப்புப் பாலைவனத்துக்குக் கிளம்பலாம்.”

“சொன்னால் மட்டும்? நிலாவுக்கு ஏது பங்காளி! என் ஆடுகள் நாணல்காட்டில் எப்படி மேயும்? கானே, நீங்களே சொல்லுங்கள். நான் உங்களுக்கு யார்?”

கான் மிர்சாபெக்கின் முகத்தைப் பார்த்தான். சொந்தமாக ஒரு பதில் சொல்லிப் பழக்கமிருந்தால்தானே?

“யாருமில்லை,” என்றான்.

நான்கு வருஷத்துக்கு முன், கானாகும்போது, எர்மெக்கிடம் இருந்தது பதினோரு நோஞ்சான் குதிரைகள். இன்று இரண்டாயிரம். அதில் ஒரு சாம்பல் குதிரைக்குத் தன் கையாலேயே பிடரி வாரிவிடுவான். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட எட்டிப்பார்க்க மாட்டான்.

“சரி,” என்றாள் ஜானார். “ஒரு சொல் விடாமல் சொல்கிறேன்.”

மறுநாள் சொன்னாள். நிலா, வெளிச்சம், புகைத்துளை, எதையும் விடவில்லை. இரண்டு சொல் அதிகமாகவே சேர்த்தாள். கான் பூரித்துப்போனான். கூட்டம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

முடித்துவிட்டுப் பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். “ஐயா, நான்கு வருஷத்துக்கு முன் வெள்ளைக் கம்பளியில் உட்காரவைத்துத் தூக்கிக் கானாக்கினீர்களே, யாரை?”

“பைசாலின் பேரனை.”

“இவர் நிலாவின் பேரனாயிற்றே! இவரை யாராவது தூக்கினீர்களா?”

பெரியவர்கள் யோசித்தார்கள். “இவரை இன்னும் தூக்கவில்லையே!”

“தூக்காத ஆள் எப்படிக் கானாவார்? கொண்டுவாருங்கள் கம்பளியை!”

தன்னைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள் என்றால் எர்மெக்குக்குக் கேட்கவா வேண்டும்! ஓடிப்போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு முனையை மிர்சாபெக்கே பல்லைக் காட்டிக்கொண்டு பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தடவை தூக்கி இறக்கினார்கள்.

“கான் வாழ்க!” என்றாள் ஜானார். “இனி ஜனங்கள் எல்லாரும் இவர் பிள்ளைகள். இவருக்கென்று தனியாக ஒரு குதிரைகூடக் கிடையாது. மற்ற வழக்கம் நான் சொல்ல வேண்டுமா?”

வேண்டியதில்லை. புதுக் கானைத் தூக்கி இறக்கியதும் அவர் குதிரைகளை ஜனங்கள் ஓட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். போன தடவை அந்தப் பதினோரு நோஞ்சான்களை ஓட்டிக்கொண்டு போனவர்கள்தானே! பன்னிரண்டு குலமும் கயிற்றை எடுத்துக்கொண்டு குதிரை மந்தையை நோக்கி ஓடியது.

“நிறுத்துங்கள்!” என்று அலறினான் கான். “நான் நிலாவுக்குப் பேரனில்லை! பைசாலின் பேரன்!”

“பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை,” என்றாள் ஜானார்.

“தோல் உரித்த பைசாலின் பேரன்!” குல்லாயைக் கழற்றி எறிந்தான். “இதோ பாருங்கள், காது!”

“பெரியவர்களே, கேட்டீர்கள் அல்லவா? அப்படியானால் நாணல்காடு?”

“பைசாலின் பேரப்பிள்ளைகளுக்கு. உனக்கும்தான், அம்மா.”

“குதிரைகள்?” என்றான் கான்.

“கம்பளியில் உட்கார்ந்தீர்களே, கானே. உங்களை நாங்களா பிடித்து உட்காரவைத்தோம்?” என்றார்கள் பெரியவர்கள்.

புல்வெளியில் புழுதி எழும்பியது. எல்லாருக்கும் முன்னால் சாம்பல் குதிரை பறந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் மிர்சாபெக். முதலில் கயிற்றைப் போட்டவனே அவன்தான்.

கான் வெறுங்கம்பளியில் நின்றுகொண்டு, ஆடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்ட ஜானாரின் முதுகைப் பார்த்துக் கத்தினான்:

“அக்கா! அந்தச் சாம்பல் குதிரையை மட்டுமாவது திருப்பித் தரச் சொல்லேன், அக்கா!”