வெள்ள மானியம் வாங்கிய விருத்தகிரி

கரை கட்டுவதைவிடக் கரை கட்டுவதைப் பற்றிப் பேசுவதே அதிகமாக நடந்த முன்னொரு காலத்தில், செங்காறு என்னும் ஆறு ஓடிய ஒரு நாட்டில், ராஜாவின் புதுச் செருப்பு ஒன்று தொலைந்துபோயிற்று.

தொலைந்தது சேற்றில். ஐப்பசி தோறும் செங்காறு பொங்கி ஆற்றடிப்பட்டி என்ற ஊருக்குள் புகுந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் ராஜா நேரில் போய் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் ஒரு சேலையும் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் கொடுக்கப் போன இடத்தில், சரிகை வைத்த வலது செருப்பைச் சேறு பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. ராஜா ஒற்றைக் காலில் நின்றார். மந்திரிகள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"கவலை வேண்டாம் அரசே," என்றார் அரண்மனை விகடகவி விருத்தகிரி. "இந்த ஊரார் வருஷா வருஷம் ஆற்றுக்குக் கப்பம் கட்டுகிறார்கள். இன்றுதான் தாங்களும் கட்டியிருக்கிறீர்கள்."

ராஜா சிரித்தார். ராஜா சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பரிசல் ஓட்டும் செம்பாயி.

"நல்லாத்தான் பேசறீங்க சாமி," என்றாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டே. "போன வருசம் குடுத்த அரிசிய ஆறுதான் தின்னுச்சு. இதையும் அதுதான் திங்கப்போவுது. அதுவரைக்கும் நாங்க பத்திரமா வெச்சிருக்கோம், அம்புட்டுதான்."

விருத்தகிரி தொலைந்த செருப்பைத் தேடுவதுபோலச் சேற்றைக் குனிந்து பார்த்தார். வெட்கம் என்னவென்றால், அவருடைய வீடும் அதே ஊரில்தான் இருந்தது. ஆற்றைப் பார்த்தபடி ஓட்டு வீடு. உயரமான படிகள் இருந்ததால் வெள்ளம் வந்தால் மூன்றாம் படியோடு நின்றுவிடும். அதனால் வெள்ளம் என்பது அவருக்குப் பாட்டு எழுத ஒரு விஷயம், அவ்வளவே.

மறுநாள் சபையில் ராஜா அறிவித்தார்.

"இனி வெள்ளம் வந்தபின் கொடுக்கப்போவதில்லை. வருமுன்பே கொடுக்கப்போகிறேன். அரிசிக்கும் சேலைக்கும் ஆகும் செலவோடு இன்னும் ஐந்து பங்கு சேர்த்து, வெள்ளச் சேதத்தைத் தடுக்க ஒரு மானியம்!"

கரைகளுக்குப் பொறுப்பான மழவராயர் எழுந்து வணங்கினார். பன்னிரண்டு வருஷமாகச் செங்காற்றுக்குக் கரை கட்டியவர் அவர். பன்னிரண்டு வருஷமும் அந்தக் கரை முதல் மழைக்கே கரைந்துபோனது.

"ஆனால் ஒன்று," என்றார் ராஜா. "வாங்குகிறவர் வாக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த ஐப்பசியில் ஆற்றடிப்பட்டியில் வெள்ளம் ஒரு வீட்டுக்குள்ளும் புகக் கூடாது. புகுந்தால் அவர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்."

வணங்கிய மழவராயர் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு புன்னகை இருந்தது.

"அரசே, இதற்குத் தகுந்தவர் நம் விகடகவியார்தான். 'பொறுப்பை என்னிடம் கொடுத்தால் ஒரே வருஷத்தில் முடித்துக் காட்டுவேன்' என்று அவர் சொன்னதை இங்கே பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள்."

கேட்டவர்கள் பத்துப் பேர் அல்ல, முப்பது பேர் இருப்பார்கள். விருத்தகிரி அதைக் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லியிருந்தார். கையை ஓங்கி ஓங்கிச் சொல்லியிருந்தார். இப்போது மறுத்தால் அத்தனை பந்தியும் சாட்சி சொல்லும். நிபந்தனை எழுதிய மானிய ஓலையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள் அவர் மனைவி மரகதவல்லி.

"தெரியாது."

"கரை கட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆத்தைப் பத்தி என்னதாங்க தெரியும்?"

"நாலு வெண்பா பாடியிருக்கேன்."

மரகதவல்லி ஆற்றைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஆற்றைத் தெரிந்தவள் செம்பாயி. விருத்தகிரி போய் நின்றதும் அவள் துடுப்பைக் கீழே வைக்காமலே கேட்டாள், "எதுவரைக்கும் தண்ணி வரும்னு தெரியணுமா சாமி? இந்தா, வாங்க."

ஊரின் மேற்குக் கோடியில் எருமை கட்டுகிற கல் ஒன்று இருந்தது. அதன் மேலிருந்த சாணியையும் பாசியையும் அவள் உடைந்த ஓட்டுத் துண்டால் சுரண்டினாள். பழைய எழுத்துகள் தெரிந்தன. *இதுவரை ஆறு*. ராஜாவின் பாட்டனார் காலத்தில் அளந்து நட்ட கல்.

விருத்தகிரி கல்லைப் பார்த்தார். திரும்பி ஊரைப் பார்த்தார். அறுபத்தொரு வீடுகளும் கல்லுக்குக் கிழக்கே, ஆற்றின் பக்கத்தில் இருந்தன. அவருடைய வீடு எல்லாவற்றுக்கும் முன்னால், ஆற்றுக்கு மாலை போடப் போகிறவரைப் போல நின்றது.

இடுப்பிலிருந்து ஓலையை எடுத்து மறுபடி படித்தார். வெள்ளம் வீட்டுக்குள் புகக் கூடாது என்றுதான் இருந்தது. வெள்ளத்தை நிறுத்து என்று எங்கும் இல்லை.

"செம்பாயி, வெள்ளத்தை நகத்த முடியாது. வீட்டை நகத்தலாமா?"

"மண் சுவரு, மூங்கில், ஓலை. இதை ஆறே வருசா வருசம் நகத்துதுங்க. நாம நகத்த மாட்டமா?"

கல்லுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் மேட்டு நிலம் இருந்தது. பெயர் கழுதைமேடு. மானியத்தில் அங்கே முதலில் கிணறு வெட்டினார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு மனை, வண்டி வாடகை, புதுக் கூரைக்கு ஓலை. பழைய மனையில் வீடு கட்டக் கூடாது, விதை போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஊரார் லேசில் அசையவில்லை. "கழுதைமேட்டுக்காரன்னா எவன் சாமி பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார் ஊர் மணியம் உத்தண்டி. விருத்தகிரி அவருக்கு ஒரு நாள் முழுக்க உவமைகளோடு விளக்கினார். உத்தண்டி தூங்கிவிட்டார். செம்பாயியோ தன் குடிசையைப் பிரித்து வண்டியில் ஏற்றினாள். அதைப் பார்த்து நாலு வீடு கிளம்பியது. நாலைப் பார்த்துப் பத்து. ஆவணி முடிவதற்குள் அறுபது வீடும் மேலே ஏறிவிட்டது. எல்லாம் தன் உவமைகளால் நடந்தது என்று விருத்தகிரி நம்பினார்.

மீதி இருந்தது அவர் வீடு.

"நம்ம வீடு எப்போங்க?" என்றாள் மரகதவல்லி.

"நாளைக்கு. பரணில் ஏடுகள் இருக்கு, அடுக்கணும். அதோட வெள்ளம் நம்ம மூணாம் படியைத் தாண்டினதே இல்லையே."

"அறுபது வீட்டுக்குப் போய்ச் சொன்னீங்களே, அதையெல்லாம் நீங்க காதுல வாங்கலையா?"

இப்படிப் பதினெட்டு நாளைக்குகள் போயின. பத்தொன்பதாம் நாள் அவள் பானை சட்டிகளை எடுத்துக்கொண்டு கழுதைமேட்டுக்குப் போய்விட்டாள்.

இதற்கிடையில் மழவராயர் இரண்டு தடவை வந்து கரையை மட்டும் பார்த்தார். ஆற்றங்கரையில் ஒரு கூடை மண்கூடக் கொட்டியிருக்கவில்லை. மிகுந்த மகிழ்ச்சியோடு திரும்பிப் போனார்.

ஐப்பசி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் விடிகாலையில் செங்காறு மூன்றாம் படிக்கு வந்தது. விருத்தகிரி அதைப் பார்த்து, 'நான் சொன்னேனே' என்பது போலத் தலையசைத்தார். அவர் தலையசைத்து முடிப்பதற்குள் அது ஐந்தாம் படிக்கு வந்தது. பிறகு படிகளே தெரியவில்லை. ஏட்டுக் கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கூரை உச்சிக்கு ஏறியபோது, வீட்டின் பக்கச் சுவர் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டிருந்தது. பாடிய நாலு வெண்பாவில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. "செம்பாயீ!" என்று கத்தத்தான் தெரிந்தது.

அவள் பரிசலோடு வந்தாள். "ஏட்டை விடுங்க சாமி, என் கையப் புடிங்க," என்றாள். விட்டார். பிடித்தார். பரிசல் விலகிக் கொஞ்ச தூரம் வருவதற்குள் வீடு இருந்த இடத்தில் சுழல்தான் இருந்தது.

கழுதைமேட்டில் யானைமேல் ராஜா காத்திருந்தார். பக்கத்தில் மழவராயர். சுற்றிலும் ஊரார், ஆடு மாடு, குழந்தை குட்டி, ஒன்றும் குறையாமல். நனைந்த கோழி மாதிரி விருத்தகிரி வந்து இறங்கினார். மரகதவல்லி உலர்ந்த வேட்டி ஒன்றை அவர் தோளில் போட்டாள்.

"அரசே!" என்றார் மழவராயர். "ஒரு வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகக் கூடாது என்பது ஆணை. ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. அதுவும் மானியம் வாங்கியவர் வீட்டுக்குள்! இவரை நாடு கடத்த வேண்டும்."

"என்ன சொல்கிறீர், விருத்தகிரி?" என்றார் ராஜா.

விருத்தகிரிக்குப் பல் தந்தியடித்தது. "அரசே, தங்கள் பாட்டனார் நட்ட கல் அதோ இருக்கிறது. இதுவரை ஆறு என்று எழுதியிருக்கிறது. தண்ணீர் அந்தக் கல்லைத் தொட்டு நிற்கிறது. ஒரு முழம்கூடத் தாண்டவில்லை. ஆகவே வெள்ளம் என் வீட்டுக்குள் புகவில்லை. என் வீடுதான் பத்து வருஷமாக ஆற்றுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. ஆறு இன்றுதான் தன் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது."

"சரி, அறுபது பேரை மேலே ஏற்றிய உமக்கு உம்மை ஏற்ற ஏன் முடியவில்லை?"

"அறுபது பேரும் விவரம் உள்ளவர்கள் அரசே, ஏறிவிட்டார்கள். அறுபத்தொன்றாவது ஆள் புத்திசாலி. அவனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், என் பேச்சைக் கேட்கவே இல்லை."

ராஜா முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. யானையின் முதுகே குலுங்கும்படி சிரித்தார். செம்பாயியும் சிரித்தாள். விருத்தகிரி அதைக் கவனித்துக்கொண்டார்.

ராஜா செம்பாயிக்குப் புதுப் பரிசலும், பெரிய துறையில் ஓடம் விடும் உரிமையும் தந்தார். விருத்தகிரிக்குக் கழுதைமேட்டில் ஒரு மனையும், செங்காற்றங்கரை ஊர்கள் அத்தனைக்கும் மானியம் கொடுக்கும் பொறுப்பும் தந்தார். அவருக்கு உதவியாளராக மழவராயரையே போட்டார்.

அடுத்த ஊரிலும் ஜனங்கள் அசைய மறுத்தார்கள். மழவராயர் அளவுகோலோடு வந்து விளக்கினார், கேட்கவில்லை. விருத்தகிரி உவமையை விட்டுவிட்டார். அவர்களை வண்டியில் ஏற்றி ஆற்றடிப்பட்டிக்குக் கூட்டிவந்து, தண்ணீர் வடிந்த சேற்றில் தனியாக நின்ற மூன்று படிகளைக் காட்டினார்.

"இது யார் வீடுங்க?" என்று கேட்டார்கள்.

"என் வீடு. நல்லாப் பாத்துக்குங்க. வேணும்னா உக்காந்தும் பாக்கலாம்."

அந்த வருஷம் பதினொரு ஊர்கள் மேட்டுக்குப் போயின.